தம்பியின் விரலும் என் குறிப்பு நோட்டும்

என் தம்பி கண்ணாடி வெட்டுபவன். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, கடை முகப்புக்கு என்று யாராவது அளவு கொண்டுவந்தால் அந்த அளவுக்குக் கண்ணாடியை வெட்டிக் கொடுப்பான். கடையில் அவனுக்கு 'ஒரே கோடு' என்று பெயர். பேனா மாதிரி ஒரு பிடி, அதன் முனையில் கடுகளவு சக்கரம். அதுதான் அவன் கருவி. கண்ணாடி மேல் அதை ஒரு தடவை இழுத்து, கோட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல மடக்கினால் கண்ணாடி இரண்டாகப் பிரியும். கோடு சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு தடவை இழுத்தால் உடைசல் கோணலாக ஓடிவிடும், சக்கரமும் கெட்டுவிடும். மற்றவர்கள் எப்போதாவது அப்படி இழுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். என் தம்பி பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட இழுத்ததில்லை. இதை நான் சொன்னால் அக்கா பெருமை அடிக்கிறாள் என்பார்கள். சொன்னது அவன் முதலாளி.

நான் தையல் வேலை செய்கிறேன். புதுத்துணி தைப்பது கொஞ்சம், பழையதைப் பிரித்து அளவு மாற்றுவது அதிகம். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்குப் பத்து. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவனைப் படிக்க வைத்தது, வேலைக்குச் சேர்த்தது, பெண் பார்த்தது எல்லாம் நான்தான். எந்த வேலையானாலும் அளவை நோட்டில் எழுதாமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன். அரை அங்குலம் தப்பினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பேன். தம்பி வெட்டுகிற கோடும் நான் போடுகிற தையலும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று மனதுக்குள் எனக்கு ஒரு நினைப்பு.

அவனுக்குப் பதினெட்டு வயதானபோது ஒரு நாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டின் அடித் தையலில், இரண்டு மூலையிலும் பழுப்பாக ஏதோ தூள் சேர்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். புகையிலை. பாக்கெட்டை வெளிப்பக்கம் திருப்பி, மெஷினில் பஞ்சு எடுக்க வைத்திருக்கும் சின்னப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, துவைத்து, மடித்து அவன் அலமாரியில் வைத்தேன். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், எதற்கு அவனைப் பொய் சொல்ல வைக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாததுதான் உண்மையான காரணம்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அந்தப் பிரஷ்ஷுக்கு வாரா வாரம் வேலை இருந்தது. அவன் என் எதிரில் பிடித்ததே இல்லை. எங்கள் தெருமுனையில் ஒரு டீக்கடை. மாலையில் வேலை விட்டு வரும்போது அங்கே நின்று பிடிப்பான். நான் கடைகண்ணிக்குப் போய்விட்டு அந்தத் திருப்பத்துக்கு வரும்போது, திரும்புவதற்கு நாலடி முன்னாலேயே ஒரு தடவை பலமாக இருமுவேன். திரும்பும்போது அவன் கை காலியாக இருக்கும். செருப்புக்கு அடியில் ஏதோ நசுங்கிக்கொண்டிருக்கும். "என்னக்கா, கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல" என்று பையை வாங்கிக்கொள்வான். வாயில் கிராம்பு வாசனை அடிக்கும். டீக்கடைக்காரர் எனக்கு ஆஸ்துமா என்று நினைத்து, நல்ல டாக்டர் ஒருவர் இருப்பதாக இரண்டு தடவை முகவரி எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் ஒரு பக்கம் செய்துகொண்டே, துணி கொடுக்க வருகிறவர்களிடம், "என் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே பாதி நிஜமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைத்தான் முதலில் சொன்னேன். கல்யாணம் ஆன ஒரே வாரத்தில் அவன் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "அக்காவுக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவா" என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளும் என்னிடமிருந்து மறைக்க ஆரம்பித்தாள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று பேரும் ஒளித்து வைத்திருந்தோம்.

விபத்து ஒரு காலைப்பொழுதில் நடந்தது. கதவு அளவுக் கண்ணாடி ஒன்றை இரண்டு பேராக மேஜையிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்திருக்கிறது. தூக்கிய வேகத்தில் கண்ணாடி பிளந்து, மேல் பாதி அவன் வலது கை மேல் சறுக்கிக்கொண்டு இறங்கியது. ஆள்காட்டி விரல் அடியில் வெட்டுப்பட்டு, பின்பக்கத் தோலில் தொங்கியது. நடு விரல் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அவன் வெட்டுப்பேனாவைப் பிடிப்பது அந்த இரண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில்தான்.

முதலாளி துண்டால் இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் தம்பி மனைவியும் போய்ச் சேர்ந்தபோது அவனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். நினைவு இருந்தது. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா, பயப்படாத. கண்ணாடி என்னைப் பழி வாங்கிருச்சு, அவ்வளவுதான்" என்றான்.

நர்ஸ் ஒரு தாளோடு வந்து அவனைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, முன்பு ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். அவன் பத்து வயதுப் பையனாக இருந்தபோது ஆரம்பித்த பழக்கம் அது. பள்ளிக்கூடத்தில், கடையில், எங்கே யார் அவனைக் கேட்டாலும் வாய் திறப்பது நான்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"சேச்சே. அதெல்லாம் எங்க வீட்ல கிடையாது" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தான். அவன் மனைவி வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டாள். நர்ஸ் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போனாள். அந்தச் 'சேச்சே'யைச் சொல்லும்போது எனக்குக் கழுத்துகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. செய்தவர் ஒரு பெண் டாக்டர். குள்ளமான உருவம், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். வெளியே வந்து, இரண்டு விரலையும் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். நான் தையல்காரி என்று தெரிந்ததும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ உங்களுக்குச் சொன்னா புரியும். விரலுக்குப் போற ரத்தக்குழாய் ஒவ்வொண்ணும் நூல் கனம்தான் இருக்கும். அதை மைக்ராஸ்கோப் வச்சு, தலைமுடியை விட மெல்லிசான நூலால தச்சிருக்கேன். ஆனா குழாய்க்கு உள்பக்கம், ஜாக்கெட்டுக்கு உள்துணி போடுவீங்கள்ல, அது மாதிரி ஒரு படலம் இருக்கு. அதை யாராலயும் தைக்க முடியாது. வெட்டுப்பட்ட இடத்துல ரெண்டு பக்கத்துலருந்தும் அதுவா ஊர்ந்து வந்து மூடிக்கணும். மூடுற வரைக்கும் அந்த இடத்துல ரத்தம் கட்டிக்கத்தான் பாக்கும்."

"எத்தனை நாள் ஆகும் டாக்டரம்மா?"

"முதல் ரெண்டு வாரம் ரொம்ப முக்கியம். ஆனா ரெண்டு மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும். இதுக்குப் பெரிய எதிரி சிகரெட் புகை. குழாயைச் சுருக்கும், ரத்தத்தைச் சீக்கிரம் கட்ட வைக்கும், அந்த உள்துணியை வளர விடாது. நல்லவேளை, உங்க தம்பிக்கு அந்தப் பழக்கம் இல்ல. பக்கத்துல வேற யாரும் பிடிக்காம பாத்துக்கங்க."

நான் தலையாட்டினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தப் பெஞ்சில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. படுக்கையில் இருக்கிறவன் எங்கே போய்ப் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். இதோடு விட்டுவிடுவான், நான் சொன்னதும் பொய் இல்லை என்று ஆகிவிடும் என்றும் நினைத்தேன்.

விரலை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார். நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டால் சிவப்பு திரும்பி வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் வந்துவிட வேண்டும். நிறம் மாறினாலோ, விரல் சில்லிட்டாலோ உடனே சொல்ல வேண்டும். நான் ஒரு புது அளவு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். நேரம், நிறம், சூடு, எண்ணிக்கை. நிறத்தை வெறுமனே சிவப்பு, வெளுப்பு என்று எழுதினால் என் மனது ஆறாது. நூல் கம்பெனி கொடுத்த மாதிரி அட்டை என்னிடம் இருந்தது. வரிசையாக நூல் சுற்றி, ஒவ்வொரு நிறத்துக்கும் எண் போட்டிருக்கும். அதை விரலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, 'ஆள்காட்டி 14, நடு 15' என்று எழுதினேன். பதினான்கு நல்ல ரோஜா நிறம்.

"என்னக்கா, எனக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றான் தம்பி.

"வாயை மூடிட்டு விரலை நீட்டுடா."

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தோம். இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுதினேன். நான் கண்ணயர்ந்தால் அவன் மனைவி எழுதினாள். ஆறு நாளும் பதினான்கும் பதினைந்தும்தான், எண்ணிக்கை இரண்டுதான். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அவன் சிடுசிடுவென்று இருந்தான். தலையணை சரியில்லை, ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு. வலி என்று நர்ஸ் நினைத்தாள். அது வலி இல்லை என்று எனக்கும் அவன் மனைவிக்கும் தெரியும். இரண்டு பேரும் அவனுக்கு ஆளுக்கொரு பக்கம் விசிறிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்தோம். எங்களுடையது மாடியில் இரண்டு அறை. முன் அறையில் என் மெஷின். அதற்கு மேலே மொட்டைமாடி. எட்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவன் எழுந்து, "மேல போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்றான். பதினொரு மணிக்கு நோட்டு எழுத வேண்டும். அதற்குள் இறங்கி வந்தான். கிராம்பு வாசனை அடித்தது. ஆள்காட்டி விரல் நகத்தை அழுத்திவிட்டு எண்ணினேன். ஐந்து வரை போயிற்று. அட்டையில் நான்காம் எண், வெளுத்த சந்தன நிறம். விரல் சில்லென்று இருந்தது. அப்படியே எழுதினேன். ஒரு மணிக்குப் பார்த்தபோது பன்னிரண்டுக்கு ஏறியிருந்தது.

ஒன்பதாம் நாளும் அப்படியே. காற்று வாங்கப் போனான், நான்காம் எண்ணோடு வந்தான். நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதியவளுக்கு எழுதியதைப் படிக்கத் தெரியாதா? மாடிக்குப் போன நேரமும் விரல் வெளுத்த நேரமும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று நின்றன. உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் காரணம் கேட்பார் என்று சொல்லவில்லை.

சமையலறையில் அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணி, மாடியில காத்து ரொம்ப அடிக்குது. அவருக்கு ஒத்துக்காதுல்ல?"

"நீ சொல்லேன் அவன்கிட்ட."

"நான் சொன்னா எங்க கேக்கறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார்."

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "நாள் பூரா அடைஞ்சு கிடக்கான். கொஞ்சம் காத்து வாங்கட்டும், விடு" என்றேன். அவள் போய்விட்டாள்.

பத்தாம் நாள் அவன் இறங்கி வந்து விரலை நீட்டியபோது, "கொஞ்சம் உக்காரு, கையில இருக்கற வேலையை முடிச்சிட்டு வரேன்" என்றேன். கையில் ஒரு வேலையும் இல்லை. சும்மா ஒரு துணியை மெஷினில் ஓட்டினேன். நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தபோது எண்ணிக்கை மூன்றுக்கு வந்திருந்தது, நிறம் பதினொன்றுக்கு வந்திருந்தது. நேரம் என்ற கட்டத்தில் 'காலை 11' என்று எழுதினேன். அப்போது மணி பதினொன்று நாற்பது. பதினோராம் நாளும் அப்படியே செய்தேன். வாழ்நாளில் ஒரு சட்டைக் கை அளவைக்கூட மாற்றி எழுதாதவள் தம்பி விரலுக்கு மாற்றி எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரிடம் போனோம். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, கூட இருந்த இளம் டாக்டர்கள் இரண்டு பேரையும் அழைத்தார்.

"பாருங்க. நிறத்துக்கு நம்பர். இத்தனை வருஷத்துல யாரும் இவ்வளவு ஒழுங்கா எழுதிட்டு வந்ததில்ல. நீங்க கேஸ் ஷீட் எழுதற லட்சணத்துக்கு இந்த அம்மாகிட்ட ஒரு வாரம் வந்து நில்லுங்க."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கம் அப்போது வரவில்லை என்பதை எழுத வேண்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "நோட்டுல இருக்கறதுக்கும் தொட்டா இருக்கறதுக்கும் கொஞ்சம் வித்தியாசம் தெரியுதே. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் வேற ஒவ்வொரு தடவை இறங்கியிருக்கு." தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல, பக்கத்துல, யாராவது சிகரெட் பிடிக்கறாங்களா?"

"அது வந்து டாக்டர்..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"எங்க வீட்ல கிடையாது டாக்டரம்மா" என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். சொல்ல வந்தவனை நான்தான் நிறுத்தினேன். முதல் நாள் ஆஸ்பத்திரியில் சொன்னது பதற்றத்தில் வந்தது என்று யாராவது மன்னிக்கலாம். இது அப்படி இல்லை. டாக்டர் மருந்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்து, இரண்டே நாளில் திரும்ப வரச் சொன்னார்.

அந்த இரண்டாவது நாள் காலையில் துணிக்கட்டை விலக்கியபோது ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருந்தது. அட்டையில் அது முப்பத்தொன்று. பள்ளிக்கூட நிக்கருக்குப் போடும் கருநீல நூல். நகத்தை அழுத்தினேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் திரும்பி வரவில்லை.

டாக்டர் விரலை வெகுநேரம் பார்த்தார். ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உள்ளே ரத்தம் கட்டி அடைச்சிருச்சு. உடனே திறந்து பாக்கறேன். ஆனா இந்த விரல் நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. நடு விரலும் முன்ன மாதிரி இல்ல. அதையாவது காப்பாத்தணும்." பிறகு என்னிடம் இல்லாமல் தனக்குத்தானே சொல்வது போல் சொன்னார்: "மருந்து சரியாப் போயிருக்கு. நோட்டு சரியா இருக்கு. பழக்கம் எதுவும் இல்ல. அப்போ என் தையல்லதான் எங்கயோ தப்பு. ஒரு நூல் உள்பக்கமா மாட்டியிருக்கணும்."

அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரித்துத் தைக்க வேண்டிய துணியை மடியில் வைத்துக்கொண்டு நான் அப்படி எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், எங்கே தவறு செய்தேன் என்று தேடிக்கொண்டு. அவர் தவறு செய்யவில்லை. ஏழு மணி நேரம் குனிந்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைத்த தையல். அதை நான் பொய்த் தையலாக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

"உங்க தையல் சரிதான் டாக்டரம்மா" என்றேன். "அவன் சிகரெட் பிடிப்பான். வீட்டுக்கு வந்தப்புறமும் மாடியில போய்ப் பிடிச்சான். நோட்டுல பத்தாம் நாளும் பதினோராம் நாளும் நேரத்தை மாத்தி எழுதினது நான்தான்."

அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் தம்பியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். அவன் குரல்தான் கேட்டது.

"அக்கா மேல தப்பு இல்ல டாக்டர். நான்தான் பிடிச்சேன். ஒரு நாளைக்கு ஒண்ணுதானே, என்ன ஆயிடும்னு நினைச்சேன்."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதல் நாளே தெரிஞ்சிருந்தா நான் உங்களைத் திட்டியிருக்க மாட்டேன்" என்றார். "அதை விடறதுக்குப் பேசிப் பேசி உதவி பண்ண இங்கயே ஆள் இருக்காங்க. அந்த ஆறு நாள்ல அவங்களை அனுப்பியிருப்பேன். கஷ்டப்பட்டு அந்த ஆறு நாள் பிடிக்காம இருந்துட்டீங்க. அதைத் தாண்டிக் கூட்டிட்டுப் போக நாங்க இருந்திருப்போம்."

பிறகு நோட்டை என் பக்கம் தள்ளி, "சரியான நேரத்தை எழுதிக் குடுங்க. நடு விரலுக்கு வேணும்" என்றார். சிவப்புப் பென்சிலால் இரண்டு கட்டத்தையும் அடித்து எழுதினேன்.

அதே நர்ஸ் அதே மாதிரித் தாளோடு வந்தாள். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று கேட்டு முடித்து, "சிகரெட் பழக்கம்?" என்று பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட கேளுங்க" என்றேன்.

"உண்டு. ஒரு நாளைக்கு எட்டு பிடிப்பேன். அடிபட்டப்புறம் ஒண்ணு, ரெண்டு" என்றான் தம்பி.

"எத்தனை வருஷமா?"

அவன் யோசித்தான். "அது அக்காவுக்குத்தான் சரியாத் தெரியும்."

"பதினெட்டு" என்றேன். நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள். நடு விரல் தங்கியது. அதற்காக அவன் பட்ட பாடு சின்னதில்லை. பேசிப் புரியவைக்கும் ஓர் அம்மா வாரம் இரண்டு தடவை அவனை உட்கார வைத்துப் பேசினார். கிராம்பு தின்று தின்று நாக்கு மரத்துவிட்டது என்றான். கோபத்தில் ஒரு நாள் என் நூல் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, பிறகு அவனே உட்கார்ந்து இடது கையால் நிறம் நிறமாக அடுக்கினான். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், நான் நோட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"உனக்குத் தெரியும்னு எனக்கு எப்பவோ தெரியும், தெரியுமா?"

"எப்படிடா?"

"சட்டைப் பாக்கெட். மத்தவனுங்க பாக்கெட்டெல்லாம் துவைச்சாலும் மூலையில தூள் ஒட்டிட்டு இருக்கும். என்னோடது புதுத்துணி மாதிரி இருக்கும்." சிரித்தான். "அப்புறம் உன் இருமல். நீ இருமினா நான் கீழ போட்டு மிதிச்சிருவேன். பாதிக்கு மேல மிச்சம் இருக்கறப்போகூடப் போட்டிருக்கேன். எத்தனை சிகரெட் உன்னால வீணாச்சு தெரியுமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் மனைவி உள்ளிருந்து, "அதனாலதான் இன்னும் உயிரோட இருக்கீங்க" என்றாள்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, நடு விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரு நாளாவது இருமாம வந்திருக்கலாம்ல, அக்கா."

நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

இப்போது அவன் கடைக்குப் போகிறான். கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் வெட்டுப்பேனாவைப் பிடிக்கிறான். முதல் மூன்று மாதம் கோடு கோணிக்கொண்டு போனது; கழிவுக் கண்ணாடியில் நாள் முழுக்க இழுத்துப் பழகினான். கடையில் சில பேர் 'ரெண்டு கோடு' என்று கிண்டல் செய்தார்கள். அவனே முதலில் சிரித்தான். பெரிய கண்ணாடிகளை முதலாளி இன்னும் அவனிடம் கொடுப்பதில்லை. ஜன்னல் அளவு மட்டும்தான். முன்பு அவன் வெட்டிய பெரிய முகப்புக் கண்ணாடி எங்கள் கடைத்தெருவில் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் போகும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்: "உன்னை மாதிரி ஒரு அக்கா யாருக்கும்மா கிடைக்கும். ராத்திரி பகல் பாக்காம நோட்டு போட்டுப் பாத்தியாமே." முன்பென்றால் பக்கத்தில் இருப்பவரும் கேட்கும்படி ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது, "அந்த நோட்டுல ரெண்டு கட்டம் பொய், முதலாளி" என்று சொல்கிறேன். அவருக்குப் புரிவதில்லை. அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

போன வாரம் சாயங்காலம் நூல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருமுனைக்கு நாலடி முன்னால் தொண்டை தானாகக் கரகரத்தது. விழுங்கிக்கொண்டேன். இருமாமல் திரும்பினேன். தம்பி டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். இடது கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கை கீழே இறங்கப் பார்த்தது. பிறகு நின்றுவிட்டது. மறைக்கவில்லை.

பதினெட்டு வருடத்தில் அவன் கையில் நான் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் முகம் சிவந்துபோயிற்று. டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்.

"இந்த மாசத்துல எத்தனாவது?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது."

"மொதலாவது எப்போ?"

"நாலாம் தேதி. முதலாளி திட்டினாருல்ல, அன்னைக்கு."

"வேணாம்டா தம்பி. அதை அணைச்சிரு." இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடமும் அவனுடைய ஒரு விரலும் செலவாகியிருக்கின்றன.

அவன் அதைச் சுவரில் தேய்த்து அணைத்தான். என் பையை வாங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் நடு விரலை நீட்டினான். நகத்தை அழுத்திவிட்டு எண்ணினேன். மூன்று. நேரம், மாலை ஆறு இருபது. அப்படியே எழுதினேன்.